மஞ்சள் வரிசைக்கு மருந்தில்லை

புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எலியை எப்படிப் பிடிப்பது, கூட்டுக்குள் மரத்தூள் எத்தனை விரல் உயரம் போடுவது என்றெல்லாம் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் கைநூலில் இருக்கிறது. வாசித்தால் வரும், இரண்டுதரம் கடி வாங்கினால் இன்னும் நன்றாக வரும். நான் எழுதப்போவது என் பிழையைப் பற்றி. ஓய்வு பெற்றவளுக்கு இனி என்ன வெட்கம்?

மூலிகை மருந்துகளை மனிதருக்குக் கொடுக்க முதல் எலிகளில் சோதித்துப் பார்க்கும் இந்தக் கூடத்தில், விலங்குப் பகுதிக்கு இருபத்திரண்டு வருடம் பொறுப்பாக இருந்தவள் நான். என் ஊரான பாலையூற்றுக்கு வந்து என் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "எலி மிஸ் வீடு" என்று கேளுங்கள், முச்சக்கர வண்டிக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவார். ஞாயிறு பூசை முடிந்து கோயிலால் வெளியே வரும்போதும் இதே பெயர்தான். "மிஸ், எலியெல்லாம் சுகமோ?" என்று சேட்டைக்குக் கேட்பார்கள். "உங்களைவிடச் சுகம், அதுகள் நேரத்துக்குச் சாப்பிடுதுகள்" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நடந்தது எல்லாம் இந்த வாயால் வந்தது.

அந்த நேரம் எங்கள் விலங்குப் பணியாளர் றஹீம் நானா. நானா என்றால் அவர்களுடைய பேச்சில் அண்ணன். கிண்ணியாவிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருவார், ஒருநாளும் பிந்தியதில்லை. கூடு கழுவுவது, தீனி போடுவது, தண்ணீர்ப் போத்தல் மாற்றுவது எல்லாம் அவர்தான். சீனக்குடாவில் விமானம் இறங்கும் சத்தத்துக்கு எலிகள் மிரண்டு மூலைக்குள் ஒதுங்கினால், "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, அது போயிரும்" என்று கூடு கூடாகப் போய்ச் சமாதானம் சொல்வார். நான் பார்த்துச் சிரிப்பேன். அவருடைய நியமனம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படுவது. அதற்கு என் சிபாரிசுக் கையெழுத்து வேண்டும்.

மற்றவர் டொக்டர் மயூரி, சித்த வைத்தியர். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை. மேற்படிப்புக்கு லீவு எடுத்து, லிங்கநகரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய களிம்பைச் சோதிக்க எங்களிடம் வந்தவர். மருதம்பட்டையிலிருந்து நாட்கணக்கில் சாறு இறக்கி, வற்றவைத்துச் செய்த களிம்பு. செங்கபில நிறமாக இருக்கும். கையில் பட்டால் இலேசில் போகாது.

"எங்கட வாட்டுக்குச் சீனி வருத்தக்காரர் காலில புண்ணோட வருவினம் மிஸ். கட்டை அவிழ்க்கேக்க அவையின்ர முகத்தைப் பாக்க ஏலாது. இது வேலை செய்யுது எண்டு எலியில காட்டினால்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி கேக்கலாம்" என்று முதல் நாளே சொன்னார். அந்தப் பிள்ளையை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

சோதனை எளிமையானது. பதினெட்டு எலிகள். மயக்க மருந்து கொடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரே அளவில் சிறு காயம் ஒன்று. பிறகு மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு கூடு. பச்சை அட்டை தொங்கும் வரிசைக்கு மருதம்பட்டைக் களிம்பு. நீல அட்டைக்கு ஃபார்மசியில் வாங்கும் வழக்கமான காய மருந்து. மஞ்சள் அட்டைக்கு மருந்தே கலக்காத வெறும் களிம்பு. மூன்று நாளைக்கு ஒருதரம் நானா காயங்களைக் கழுவித் துடைத்துக் கொடுக்க, மயூரி வந்து அளந்து குறிப்பார். கடைசியில் எலிகளைக் கொன்று தோலையும் உள்ளுறுப்புகளையும் பார்க்க வேண்டும். கொல்வது என்றே எழுதுகிறேன். அதற்கு அழகான வேறு சொல் தேடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

களிம்பு பூசுகிற வேலையை நானாவிடம் விட்டேன். அவருடைய கைக்கு எலிகள் பயப்படுவதில்லை. முதல் நாள் மூன்று போத்தல்களையும் காட்டியபோது மஞ்சள் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார்.

"மிஸ், இதுக்குள்ள என்ன மருந்து?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத்த என்னத்துக்குப் பூசுற?"

"நானா, மஞ்சளுக்கு மஞ்சள் போத்தல், பச்சைக்குப் பச்சைப் போத்தல், நீலத்துக்கு நீலப் போத்தல். உங்களைக் கேள்வி கேக்கச் சொல்லேல்லை, பூசத்தான் சொன்னது."

"ஓம் மிஸ்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அது பெருமையாக இருந்தது. வேலை தெரிந்தவள் இப்படித்தான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேச வேண்டும் என்று ஒரு நினைப்பு. நானா எங்களிடம் வந்து ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்திலும் அவர் ஏதாவது கேட்டால் நான் சொன்ன பதில் இந்த மாதிரித்தான்.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. மயூரி காயங்களை அளந்து முடித்துவிட்டு எழும்பாமல் கதிரையிலேயே இருந்தார். கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

"மஞ்சளும் பச்சையும் ஒரே மாதிரி ஆறுது மிஸ்."

மருந்து பூசாத காயமும் மருந்து பூசிய காயமும் ஒரே வேகத்தில் ஆறினால் அந்த மருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மயூரியின் கண் நிறைந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை சேர் வாறார். இது வேலை செய்யேல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். லீவும் இன்னும் அஞ்சு கிழமைதான் கிடக்கு. அந்தச் சனத்தின்ர புண்ணுக்கு இனி நான் என்னத்தைக் கொண்டுபோய்க் கட்டுறது?"

சேர் என்றது அவருடைய ஆராய்ச்சியை மேற்பார்வை செய்யும் பேராசிரியரை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று அனுப்பினேன். பிறகு மேசையில் கிடந்த போத்தல்களைத் தட்டில் வைக்க எடுத்தேன். பச்சைப் போத்தல் பாரமே இல்லை. திறந்து பார்த்தால் அடியில் வழித்தெடுக்கவும் களிம்பில்லை. மயூரி பதினான்கு நாளுக்குக் காணும்படி நிறுத்து நிரப்பித் தந்த போத்தல் அது. மஞ்சள் போத்தலில் இருக்க வேண்டிய அளவு அப்படியே இருந்தது.

மஞ்சள் வரிசைக்குப் போனேன். முதலாவது கூட்டைத் திறந்து மரத்தூளை விரலால் கிளறினேன். செங்கபிலக் கறை. இரண்டாவதில் கறை. ஆறு கூட்டிலும் கறை. கூடுகளை ஒவ்வொன்றாக மூடினேன். கூடத்தின் சாவி என்னிடம் ஒன்று, நானாவிடம் ஒன்று. வேறு யாரைச் சந்தேகப்பட?

மயூரி தேத்தண்ணி குடித்துவிட்டு, சிவந்த கண்ணோடு திரும்பி வந்தார். நான் வாய் திறக்கவில்லை. என் மேசையில் அன்றைக்குத்தான் நானாவின் நியமனப் புதுப்பிப்புத் தாள் வந்து கிடந்தது. கறையைப் பற்றிச் சொன்னால் அந்தத் தாளில் நான் கையெழுத்து வைக்க முடியாது. மனைவி சுகமில்லாதவள் என்று தெரியும். அந்த வீட்டில் வேறு உழைப்பும் இல்லை. அதனால் அந்தப் பிள்ளை தன் களிம்பு தோற்றுவிட்டது என்று நினைத்துக் கொப்பியில் எழுதுவதை, பக்கத்தில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் நீளும் வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது. அது என் இரண்டாவது பிழை.

அடுத்த நாள் காலை நானா வந்ததும் கேட்டுவிட்டேன்.

"நானா, மஞ்சள் வரிசைக்குப் பச்சைப் போத்தலைப் பூசினீங்களோ?"

கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. "ஓம் மிஸ்."

"நான் என்ன சொன்னனான்?"

"நீங்க சொன்னதையும் செஞ்சன் மிஸ். காலைல மஞ்சள் போத்தலப் பூசினன். பின்னேரம் போகக்குள்ள பச்சையப் பூசிட்டுப் போனன்."

சொன்னதையும் செய்தாராம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "ஏன் நானா? ஆர் உங்களைக் கேட்டது?"

"மூணாம் நாள் பாத்தன் மிஸ். பச்ச வரிசையில காயம் காஞ்சிக்கிட்டு வருது. மஞ்சள்ல ஈரமாவே இரிக்கி. மருந்தோ பக்கத்துத் தட்டுலயே இரிக்கி." கையால் தட்டைக் காட்டினார். "என்ட பொஞ்சாதிட காலையும் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தன். சின்னப் புண்தானே, காயும், நாளைக்குக் காயும் எண்டு. பாத்துக்கிட்டே இருந்ததுல ரெண்டு விரல் போச்சு. இன்னொருக்கா அப்படிப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலா மிஸ்."

அவரைக் கிழிப்பதற்கு இரவெல்லாம் சொல் சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டு, நானும் ஒன்றில் இருந்தேன். ஒன்பது வருடத்தில் அவரை அந்த அறையில் இருக்கச் சொன்னது அதுதான் முதல்தரம்.

"உங்கட வளவில ரெண்டு தென்னம்பிள்ளை நிக்குது. ஆரோ ஒராள் புதுப் பசளை ஒண்டு கொண்டுவந்து தாறார். அது நல்லதோ கூடாதோ எண்டு எப்படிப் பாப்பீங்கள்?"

"ஒண்டுக்குப் போட்டுப் பாப்பன். மத்ததுக்குப் போடாம உட்டுப் பாப்பன்."

"பாவமெண்டு மற்றதுக்கும் போட்டால்?"

நானா தலையைத் திருப்பி மஞ்சள் அட்டைகளைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"இத அண்டைக்கே சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டன் மிஸ்" என்றார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு சுட்டது. முதல் நாள் அவர் கேட்டது இதைத்தான். தென்னம்பிள்ளைக் கதை சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்காமல், எடுத்தெறிந்து பேசி அனுப்பியவள் நான்.

"அப்ப இந்தப் பதினெட்டும்?" என்று கேட்டார்.

"இதுகளை இனி எடுக்க ஏலாது நானா. முதலிலயிருந்து தொடங்க வேணும்."

"வேற எலியா?"

"ஓம். இன்னும் பதினெட்டு."

"அப்ப இதுகள?"

நான் கூடுகளைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். காயப்பட்ட எலியை வேறு வேலைக்கு எடுக்க மாட்டோம். எப்படியும் கடைசியில் சாக இருந்தவை, இப்போது ஒரு பிரயோசனமும் இல்லாமல் சாகும்.

"யா அல்லாஹ்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆறு எலிக்குப் பாவம் பாத்து, பதினெட்ட அநியாயமாக் கொல்ல வச்சிட்டனே." அந்தப் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். வெளியே குரங்குகள் கூரைத் தகரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நல்லவேளை, எங்கள் சத்தம் அலுவலகத்துக்குக் கேட்கவில்லை.

பத்து மணிக்கு மயூரி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பொரிந்து தள்ளினார். "நான் விசரி மாதிரி அழுதுகொண்டு திரிஞ்சனான்! நேற்றே உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம் பிள்ளை, தெரியும்."

அவர் பார்த்த பார்வைக்கு நான் தகுதியானவள்தான். வாங்கிக்கொண்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருடைய முகத்தில் வேறு ஒன்று ஓடியது.

"அப்ப மஞ்சள் ஆறினதும் எங்கட களிம்பாலதானே! மிஸ், இது வேலை செய்யுது!" என்று எழும்பி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன வருசம் வேற ஒருத்தர் வெறும் களிம்பு பூசி அளந்த கணக்குகள் உங்கட அலுமாரியில கிடக்குத்தானே. மஞ்சள் வரிசைக்கு அதைப் போட்டால் என்ன? நாங்கள் ஒண்டும் பொய் சொல்லேல்லையே. உண்மை அதுதானே மிஸ்."

இந்த இடத்தை இரண்டுதரம் வாசியுங்கள், பிள்ளைகளே. எனக்கு ஆசை வந்தது. சத்தியமாக வந்தது. அப்படிச் செய்திருந்தால் நானாவின் வேலை தப்பும். மயூரியின் லீவு தப்பும். இன்னும் பதினெட்டு எலி சாகத் தேவையில்லை. பேராசிரியர் கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போவார். யாருக்கும் நட்டமில்லாத வழி மாதிரித்தான் தெரிந்தது. அலுமாரிச் சாவி என் இடுப்பில் செருகியிருந்தது. என் கை தானாக அங்கே போய்விட்டது.

"பிள்ளை, அது வேற எலி, வேற மாதம், வேற ஆள் அளந்தது" என்றேன், எனக்கும் சேர்த்துத்தான். "நானாவும் நல்லது எண்டு நினைச்சுத்தான் செய்தவர். நீங்களும் இப்ப அதையேதான் செய்யப் பாக்கிறீங்கள். ஆனால் நானாவுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. உங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஒரு மனுசன்ர காலில இதைப் பூசேக்க உங்கட கை நடுங்காதோ?"

மயூரி திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். கடைசியில், "அப்ப என்ர லீவு?" என்று மட்டும் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பதைப் போல இருந்தது.

"நீங்கள் லீவு முடியப் போய் வேலையில சேருங்கோ. அளக்கிற நாளுக்கு மட்டும் வாங்கோ. மற்றதை நான் பாக்கிறன்."

வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் ஒரு தாள் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி, கடைசியில் "பணியாளருக்குக் காரணம் விளக்கப்படவில்லை, அந்தப் பொறுப்பு என்னுடையது" என்று முடித்திருந்தேன். நானாவை வரவேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு வந்து, கதவடியில் நின்று, "நான்தான் பூசினன் சேர்" என்றார்.

பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. "இவரை இன்னும் வைச்சிருக்கப் போறீங்களோ?"

"ஓம் சேர். அடுத்தமுறை மஞ்சள் வரிசையையே இவரிட்டைத்தான் குடுக்கப் போறன்."

"பாலுக்குப் பூனையைக் காவல் வைச்ச கதையல்லோ கிடக்கு?"

"அந்த வரிசை ஏன் இருக்கு எண்டு இவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு இப்ப இந்தக் கூடத்தில வேற ஒருத்தருக்கும் தெரியாது சேர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விலங்குச் சோதனைகளுக்கு அனுமதி கொடுக்கும் குழுவிடம் இன்னும் பதினெட்டு எலிக்கு எழுதிக் கேட்கச் சம்மதித்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் தந்தார். அது என் கோப்பில் இன்னும் இருக்கும், ஆசைப்பட்டால் எடுத்து வாசியுங்கள். குழு பல கேள்வி கேட்டு, ஒரு நிபந்தனையோடு அனுமதி தந்தது. ஒவ்வொரு வரிசையும் ஏன் இருக்கிறது என்று, கூடு கழுவுகிறவர் உட்பட எல்லாருக்கும் முதல் நாளே விளக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் சுவரில் நீங்கள் பார்க்கும் அறிவித்தல் அங்கிருந்து வந்ததுதான். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே நானாவின் தாளில் கையெழுத்து வைத்திருந்தேன்.

எலிகள் வளர்ந்து வர இரண்டு மாதம் எடுத்தது. மயூரி வேலைக்குப் போய்விட்டார். மூன்று நாளைக்கு ஒருதரம் பஸ் ஏறி வந்து அளந்துவிட்டு, சாப்பிடாமல்கூட அடுத்த பஸ்ஸில் ஓடுவார். நானா காலையில் களிம்பைப் பூசிவிட்டுப் போத்தல்களை என்னிடம் தந்துவிடுவார். பின்னேரம் வீட்டுக்குப் போக முதல் மஞ்சள் வரிசைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று சொல்வது கேட்கும். இப்போது நான் சிரிப்பதில்லை.

பதின்மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்தார். "மிஸ், மஞ்சள்ல மூணாவது திங்குதில்ல. முதுகக் கூனிக்கிட்டு ஒரே இடத்துல கிடக்கு. எனக்கு இது சரியாப் படல்ல."

போய்ப் பார்த்தேன். நான் காலையில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு தெரிந்தது. காயத்தில் சீழ் வைத்து, அது உடம்புக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. இப்படி வேதனைப்படும் விலங்கை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. மயூரிக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஐயோ மிஸ், கடைசி அளவுக்கு இன்னும் ரெண்டே ரெண்டு நாள்! ஆறு அஞ்சாப் போனால் சேர் என்ன சொல்லுவார்? அதுவரைக்கும் எப்படியாவது..."

"ஏலாது பிள்ளை. அது துடிக்குது."

மற்றக் கூடுகள் எப்படி என்று கேட்டார், சுகம் என்றேன். பிறகு, "சரி மிஸ்" என்றார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்ததில் தப்பே இல்லை.

நானா அதைக் கையில் ஏந்திக்கொண்டார். நான் ஊசி போட்டேன். அடங்கும்வரை விரலால் அதன் காதடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்ப நான் செஞ்சது சரியா மிஸ்?" என்று கேட்டார். "சரி நானா. இதுதான் சரி" என்றேன்.

பாவம் பார்க்காதவர்கள்தான் இந்த வேலைக்கு ஏற்றவர்கள் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாவம் பார்க்கத் தெரியாதவர்கள் இங்கே வரவே கூடாது. ஆனால் பாவம் என்று மனம் சொன்னால் கையை நீட்டாதீர்கள், வாயைத் திறவுங்கள். நாங்கள் பொறுப்பில் இருக்கிறவர்கள், திறக்கிற வாயை அடைக்காமல் இருக்க வேண்டும். நான் அடைத்தேன், அதன் பலனைப் பதினெட்டு எலிகள் அனுபவித்தன.

முடிவு வந்தது. பச்சை வரிசை மஞ்சளைவிட முந்தி ஆறியது. நீலத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் நின்றது. அதையும் மயூரி மறைக்காமல் எழுதினார். ஃபோனில் அவர் போட்ட கூச்சல் என் காதில் இரண்டு நாள் நின்றது. அவருக்குப் பட்டமும் கிடைத்தது. மனிதருக்குப் பூசிப் பார்க்க இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும், அது வேறு.

கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் நானா கடதாசியில் சுற்றிய எதையோ கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவிழ்த்தால் பச்சைப் போத்தல். இரண்டாம் முறை மயூரி கூடுதலாக நிரப்பித் தந்திருந்ததால், சோதனை முடிந்ததும் கழுவச் சொல்லி நானாவிடம் நான் விட்ட அதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது.

"மிஸ், இத உங்கட அலுமாரில வச்சுப் பூட்டுங்க. சாவிய என்னட்டத் தராதீங்க."

"ஏன் நானா, என்ன நடந்தது?"

"ஜெஸீமாட மத்தக் கால்லயும் புண் வந்திருக்கு மிஸ்." ஜெஸீமா அவருடைய மனைவி. "மூணு நாளா இந்தப் போத்தல எடுக்கிறதும் வைக்கிறதுமா இரிக்கன். இது எலிக்கு ஆத்தினத என்ட கண்ணால பாத்தவன் நான். மனுசருக்கு என்ன செய்யும் எண்டு இன்னும் தெரியாதாமே. டொக்டர் புள்ளயே பூசத் துணியல்ல. இனி என்னால இத வச்சிக்கிட்டு இருக்க ஏலா."

நான் எழும்பினேன். முதலில் போத்தலை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பூசாமல் மூன்று நாள் அந்த மனிதர் எப்படி நித்திரை கொண்டாரோ தெரியாது. பிறகு மயூரிக்கு ஃபோன் எடுத்தேன்.

"புண் எத்தினை நாள்?" என்று கேட்டார். சொன்னேன். "வீட்டில ஒண்டும் பூச வேண்டாம். நாளைக்கும் வேண்டாம் மிஸ், இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. நான் அங்க சேர்ஜனோட கதைக்கிறன்."

நானும் நானாவும் ஒரு முச்சக்கர வண்டி பிடித்துக் கிண்ணியாவுக்குப் போய், மனுசியை ஏற்றிக்கொண்டு பாலத்தால் திரும்பி வந்தோம். புண்ணைக் கழுவி, மருந்து கட்டி, வாட்டில் வைத்துக்கொண்டார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னபோது நானா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு சுகம் விசாரிக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜெஸீமா கதிரையில் இருந்தபடி ஒரு சின்னப் பலகை வாங்கில் காலை நீட்டியிருந்தார். என்னைக் கண்டதும் சிரிப்புத் தாங்கவில்லை அவருக்கு.

"வாங்க மிஸ், வாங்க! இந்த மனுசன்ட நியாயத்தக் கேளுங்க. எலிக்கெல்லாம் களவாப் பூசினவரு, கட்டின பொஞ்சாதிக்கு ஒரு சொட்டுப் பூசல்ல!"

நானா தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுவரை சிவந்திருந்தது.

"ஆனா மிஸ்," என்று ஜெஸீமா சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, புண் ஆறிய வலது காலை என் பக்கம் நகர்த்தினார். "எண்ணிப் பாருங்க."

குனிந்து எண்ணினேன். ஐந்து விரலும் இருந்தன.